கறுப்புக்கு எடுக்காது

பாரிசில் கோபெலின் என்று ஒரு அரசு நெசவாலை. ஓவியம் போலவே உருவங்களை நெய்து, அரண்மனைச் சுவர்களில் தொங்கவிடும் திரைச்சீலைகளைச் செய்கிற இடம். 1824இல் அதன் சாயப்பிரிவுக்குத் தலைமையேற்றவர் மிஷேல் யூஜின் செவ்ரல் என்கிற வேதியியலாளர். அவரிடம் ஒரு புகார் வந்தது. ஆலையின் கறுப்புச் சாயம் சரியில்லை. நீலத்திலும் ஊதாவிலும் நிழல் காட்டுவதற்காகக் கறுப்பு நூலைச் சேர்த்தால் வெளிறித் தெரிகிறது என்று. செவ்ரல் மற்றப் பட்டறைகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் கறுப்புக் கம்பளி நூலைத் தருவித்து ஒப்பிட்டுப் பார்த்தார். கோபெலின் கறுப்பில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் இருந்த நிறம்தான் அதை அப்படிக் காட்டியது.

கறுப்பின் மேல் புகார் வந்தால் பக்கத்தில் இருப்பதையும் சோதிக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். நம்ம ஊரில் அது லேசில் யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்தப் புகாரிலிருந்து பிறந்ததுதான் 1839இல் வந்த அவருடைய நிற முரண் பற்றிய புத்தகம். இரண்டு நிறங்கள் அடுத்தடுத்து இருந்தால் கண் ஒவ்வொன்றையும் மற்றதன் எதிர்நிறத்தின் பக்கம் தள்ளிவிடும். பச்சைக்குப் பக்கத்தில் உள்ளது கொஞ்சம் சிவக்கும். ஊதாவுக்குப் பக்கத்தில் உள்ளது கொஞ்சம் மஞ்சளிக்கும். தோலும் ஒரு நிறம், துணியும் ஒரு நிறம் என்றால் இந்த விதி இரண்டுக்கும் பொருந்தத்தானே வேண்டும்? செவ்ரல் உடைக்கும் இதைப் பொருத்திப் பார்த்தார். இன்று சியோலிலும் சென்னையிலும் பணம் கட்டி உட்கார்ந்து 'பெர்சனல் கலர் அனாலிசிஸ்' செய்துகொள்கிறார்களே, அதன் வேர்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது.

அந்தப் புத்தகத்தில் ஒரு பகுதி நமக்கு முக்கியம். வெள்ளைத் தோலுக்கு எந்தத் துணி சிவப்பேற்றும், எது மஞ்சளடிக்கும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, செம்புநிறத் தோலுக்கும் கறுப்புத் தோலுக்கும் வருகிறார். இந்த நிறங்கள் அழுத்தமானவை. துணியை வைத்து இவற்றை மங்கவைக்கவோ மறைக்கவோ பார்ப்பது வீண். ஆகவே எடுத்துக் காட்டுவதுதான் வழி என்கிறார். செம்புத் தோலுக்கு வெள்ளை, அல்லது பச்சை கலந்த நீலம். அடர்கறுப்புக்குச் சிவப்பு. நீலம் ஓடிய கறுப்புக்கு ஆரஞ்சு. ஊதா ஓடிய கறுப்புக்கு மஞ்சள். இவரைத் தோழராக்கிவிட வேண்டாம். இவர் எழுதிய காலத்தில் பிரான்சின் காலனிகளில் அடிமைமுறை இருந்தது. அது ஒழிந்தது 1848இல்தான். மனிதர்களைத் தோல்களாக அடுக்கிவைத்துப் பேசுகிற அந்தக் காலத்துப் பார்வை அவரிடமும் உண்டு. ஆனாலும் கண்ணால் கண்டதைச் சொன்னார். கறுப்புக்குச் சிவப்பு 'எடுக்காது' என்று அவர் எழுதவில்லை.

அப்புறம் எங்கிருந்து வந்தது இந்த 'எடுக்காது'?

எங்க அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரமக்குடிப் பக்கத்துக் காலனி எங்களுடையது. தீபாவளிக்கு ஜவுளிக்கடைக்குப் போனால் கடைப்பையன் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காப்பிக்கொட்டைக் கலரிலும் சாம்பல் கலரிலும் நாலு சேலையை எடுத்துப் போடுவான். "உங்க கலருக்கு இதான்க்கா அடங்கி வரும்." அந்த 'அடங்கி' என்கிற சொல்லை யாரும் யோசித்துப் பேசுவதில்லை, வாயில் வந்துவிடுகிறது. அம்மா மேல் அடுக்கைக் காட்டும். வாடாமல்லி, கிளிப்பச்சை, மிட்டாய் ரோஸ், ராமர் நீலம், அரக்கு. எத்தனை பெயர் பாருங்கள், நம் பெண்களின் வாயில் நிறங்களுக்கு! அதைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் ஊர்ப்பக்கத்தில் அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: 'காலனிக் கலர்'. அடங்கியதைக் கட்டினால் "சேலையும் ஆளும் ஒரே கலரு", அடங்காததைக் கட்டினால் காலனிக் கலர். எதைக் கட்டினாலும் பேச்சு ஒன்றுதான்.

அம்மாவுக்காவது கடைக்குப் போகிற வாய்ப்பு இருந்தது. அப்பத்தாவுக்கு அதுவும் இல்லை. தாத்தா ஊருக்கு வெட்டியான். சாவு வீட்டில் பிணத்தின் மேல் போடுகிற கோடித் துணி சுடுகாட்டில் அவருக்கு வரும். அதுதான் அப்பத்தாவின் உடம்புக்கு வரும். சுமங்கலி செத்தால் சிவப்பு, மஞ்சள். விதவை செத்தால் வெள்ளை. அப்பத்தாவின் சேலை நிறத்தைத் தேர்ந்தெடுத்தது ஊரில் செத்தவர்கள். பின்னால் மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயத்தில், சண்டாளர்கள் பிணத்தின் துணியைத்தான் உடுத்த வேண்டும் என்ற விதியைப் படித்தபோது எனக்கு அதிர்ச்சி ஒன்றும் வரவில்லை. அப்பத்தாவின் கொடியில் காய்ந்த சேலைதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் பகுதிக்கு இதில் எழுதிவைத்த வரலாறே உண்டு. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்ததை ஹட்டன் தன்னுடைய சாதி பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மார்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. இந்தப் பூ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் குங்குமப்பூக் குழம்பு என்று பொருள்படும்படி ஒன்று இருக்கிறது. நம் பக்கத்துப் பெண்கள் குங்குமப்பூவுக்கு எங்கே போவார்கள்? அது மஞ்சள்தான் என்று கொள்கிறேன். அதாவது, குளித்துவிட்டு முகத்தில் பூசுகிற மஞ்சளும் குற்றம். மறுவருஷம் 1931இல் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பது அதில் சேர்ந்தது. பக்கத்து மதுரையில் காந்தியார் 1921 செப்டம்பரில் சட்டையைக் கழற்றி அரைத்துணிக்கு மாறினார் என்று பெருமையாகச் சொல்வார்கள். கழற்றுவதற்கு ஒன்று இருந்தது, கழற்றினார். அம்பேத்கர் 1927இல் மகாத்தில் கூடிய பெண்களிடம், தீண்டப்படாதவள் என்று அடையாளம் காட்டுகிற உடையையும் நகையையும் விடுங்கள், மேல்சாதிப் பெண்கள் கட்டுகிற மாதிரியே சேலை கட்டுங்கள் என்று சொன்னார். உடை விஷயத்தை அவர் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடல் தாண்டியும் இதே கதைதான். அமெரிக்காவில் தென் கரோலினா 1740இல் போட்ட அடிமைச் சட்டம், கறுப்பர்கள் இன்னின்ன முரட்டுத் துணிகளுக்கு மேல் உடுத்தக் கூடாது என்று பட்டியலே போட்டது. பட்டியலின் முதல் துணிக்குப் பெயரே 'நீக்ரோ துணி'. நியூ ஆர்லியன்சில் ஸ்பானிய ஆளுநர் மிரோ 1786இல் ஒரு ஆணை போட்டார். செவ்ரல் பிறந்த வருஷம் அது. அங்கே அடிமைகளாக இல்லாத கறுப்பு, கலப்பினப் பெண்கள் தலையில் இறகும் நகையும் வைத்து அலங்காரமாக நடப்பது வெள்ளைக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. தலையைத் துணியால் கட்டி மூட வேண்டும் என்றார்கள். அந்தப் பெண்கள் மூடினார்கள். எந்தத் துணியால்? சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகக் கட்டம் போட்ட பளீரென்ற துணியால், கோபுரம் மாதிரி முடிச்சுப் போட்டு. சட்டமும் மீறப்படவில்லை, பார்க்கிறவன் கண்ணும் கூசியது.

அந்தக் கட்டத்துணியின் பெயர் மெட்ராஸ். நம் கடற்கரையிலிருந்து கப்பலேறிப் போனது. மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் இன்றும் அதே பெயர்தான், அது அவர்களுடைய விழா உடை. நம் சோழமண்டலக் கரைத் துணிகளின் சிவப்புக்குப் பேர்போனது சாயவேர். மணலில் தானாக முளைத்து வளர்கிற சிறு செடி. வேரைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்தின் பழைய சாதிப் பட்டியல்களில் வேர்குத்திப் பள்ளர் என்றே ஒரு பெயர் இருக்கிறது. உலகம் உடுத்திய சிவப்பை வெயிலில் குனிந்து தோண்டினவர்களுக்குச் சாதி பார்த்துத் தொழிலும் பேரும் வைத்தார்கள். அவர்கள் என்ன நிறத்தில் உடுத்தினார்கள் என்று யார் எழுதினார்கள்?

இனி போன நூற்றாண்டுக் கலைக்கு வருவோம். பௌஹவுஸ் கலைப்பள்ளியில் 1919 முதல் 1923 வரை கற்பித்த யொஹான்னஸ் இட்டன், மாணவர்கள் தாமாகத் தேர்கிற நிறங்களுக்கும் அவர்களுடைய முடி, கண், தோல் நிறங்களுக்கும் உறவிருப்பதைக் கவனித்தார். 1961இல் வந்த நிறம் பற்றிய அவருடைய நூல், நிறக்கூட்டங்களை நான்கு பருவங்களோடு சேர்த்துப் பேசியது. அந்தப் பருவங்களைச் சாதாரணப் பெண்களின் அலமாரிக்குக் கொண்டுவந்தது 1980இல் கரோல் ஜாக்சன் எழுதிய 'கலர் மீ பியூட்டிஃபுல்'. லட்சக்கணக்கில் விற்றது. வசந்தம், கோடை, இலையுதிர், குளிர். உள்நிறம் மஞ்சளோடினால் வெம்மை, நீலமோடினால் குளிர்ச்சி. பகல் வெளிச்சத்தில் முகத்தைக் கழுவி உட்காரவைத்து, தாடைக்குக் கீழே துணியை மாற்றி மாற்றிப் போர்த்திப் பார்ப்பார்கள்.

இதில் நாம் எங்கே? வெள்ளைக்காரப் பெண்களை நான்கு அறைகளிலும் பரப்பிவிட்டு, கறுப்பர்கள், ஆசியர்களில் பெரும்பாலோரைக் குளிர்காலத்தில் கொண்டுபோய் அடைத்தார்கள். உலகத்தில் பாதிக்கு மேல் ஒரே அறை! சேரியை ஊரிலிருந்து பார்த்தால் எல்லா வீடும் ஒன்றாகத்தான் தெரியும். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்கிற சோதனை இன்னும் வேடிக்கை. என் கையில் நரம்பே தெரியாது. 1991இல் ஜீன் பாட்டன் என்கிறவர் கறுப்புப் பெண்களுக்கென்றே ஒரு நிற நூலைக் கொண்டுவந்தார். கறுப்புக்குள்ளேயே மஞ்சளோடிய கறுப்பு, சிவப்போடிய கறுப்பு, நீலமோடிய கறுப்பு என்று எத்தனையோ உண்டு என்பது கறுப்பர்களுக்குத் தெரியாதா என்ன? கோடாக் கம்பெனி படச்சுருளின் நிறத்தைச் சரிபார்க்க அனுப்பிய 'ஷெர்லி' அட்டையிலும் நெடுங்காலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான். பழுப்பு நிறங்கள் சரியாக விழவில்லை என்று சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் கம்பெனிக்காரர்களும் முறையிட்ட பிறகுதான் பழுப்பின் மேல் அக்கறை வந்தது என்று அங்கே வேலை பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

இவ்வளவும் சொல்வதால் இந்தக் கலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துணியின் வெளிச்சம் முகத்தில் விழுகிறது என்பது உண்மை. அதை யாரும் ஜன்னலோரத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம். எதை வைத்து 'நல்லா இருக்கு' என்று முடிவு செய்கிறோம் என்பதில்தான் என் சண்டை. "முகம் தெளிவா இருக்கு" என்று சொல்லும்போது, வெளுப்பாகத் தெரிகிறது என்பதைத்தான் பல நேரம் மரியாதையாகச் சொல்கிறார்கள்.

போன வருஷம் எங்கள் காலனி மாலைப் பள்ளியில் படிக்கிற பெண்பிள்ளைகள் செல்போனில் இதைப் பார்த்துவிட்டு வந்து, "டீச்சர், நாமளும் பாப்போமா" என்றார்கள். வீடுவீடாகப் போய்ச் சேலையும் தாவணியும் துப்பட்டாவுமாக முப்பது துணி சேர்ந்தது. சமுதாயக்கூடத்து வாசலில் காலை வெளிச்சத்தில் ஸ்டூலைப் போட்டு ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தாள்கள். ஒரு விதி மட்டும் வைத்தேன்: 'கலராத் தெரியுது' என்று யாரும் சொல்லக் கூடாது, கண் தெரிகிறதா, சிரிப்புத் தெரிகிறதா, துணிக்கு முன்னால் ஆள் தெரிகிறாளா, அதை மட்டும் சொல்லணும். ஒரே கறுப்பு என்று பள்ளிக்கூடத்தில் கேலி வாங்குகிற ரெண்டு பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருத்திக்கு மாம்பழ மஞ்சள் போட்டதும் முகம் எழுந்து நின்றது. அதே துணி மற்றவளைச் சோகை பிடித்தவளாக்கியது. அவளுக்கு அரக்கு. சாம்பல் கலர் ரெண்டு பேரையும் அணைத்துவிட்டது.

"இத்தன நாளா எங்கம்மா எனக்கு இதத்தான் எடுத்துக் குடுக்குது டீச்சர்" என்று அந்தச் சாம்பலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி சொன்னாள். மற்றவள் அதை வாங்கி மடித்து ஸ்டூலுக்கு மெத்தையாகப் போட்டுவிட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.