கார்த்திகை நட்சத்திரம்

சோதிடத்தின் 27 நட்சத்திரங்களில் கார்த்திகை மூன்றாவது. மேஷ ராசியின் 26 பாகை 40 கலையில் தொடங்கி ரிஷபத்தின் 10 பாகையில் முடிகிறது. அதிதேவதை அக்னி, அதிபதி சூரியன், சின்னம் சவரக்கத்தி. முதல் பாதம் மட்டும் மேஷத்தில் தனித்து நிற்க, மற்ற மூன்றும் ரிஷபத்தில் விழுவதால் தமிழகச் சோதிடர்கள் இதைத் 'தலையற்ற நட்சத்திரம்' என்பார்கள்.

வானத்தில் இது ஒற்றை விண்மீன் அல்ல, ஒரு கொத்து. கார்த்திகை மாதத்தில் இருட்டியதும் கீழ்வானில் நெருக்கமாக ஆறு மீன்கள் தெரியும்; சங்கப் புலவர்கள் வைத்த பெயரும் அறுமீன்தான். சுமார் 440 ஒளியாண்டு தொலைவிலுள்ள அந்தக் கொத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் இருப்பதாக வானியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். முருகனைப் பாலூட்டி வளர்த்த கார்த்திகைப் பெண்கள் அறுவர் என்கிறது புராணம். வேத நூலான தைத்திரீய சம்ஹிதையோ அம்பா, துலா என்று தொடங்கி ஏழு பெயர்களைத் தருகிறது. அவற்றில் மூன்று, மேகத்தையும் மழையையும் வரவழைப்பவள் என்ற பொருளில் அமைந்தவை. நெருப்புக்கு உரிய நட்சத்திரத்தில் இத்தனை ஈரம் இருப்பதை, குணப்பலன் எழுதுகிறவர்கள் ஏனோ கண்டுகொள்வதே இல்லை.

இன்று அசுவினியில் தொடங்கும் வரிசை, வேத நூல்களில் கார்த்திகையிலிருந்தே தொடங்கியது. பகலும் இரவும் சமமாகும் வசந்தகால நாளில் சூரியன் அப்போது இக்கொத்தின் அருகே நின்றதே காரணம் என்று அறிஞர்கள் பலர் விளக்குகிறார்கள். அது எந்த நூற்றாண்டு என்பதில் அவர்களுக்குள் உடன்பாடில்லை.

குணங்களுக்கு வருவோம். 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர், பிருகத் ஜாதகத்தில் கார்த்திகைக்காரரை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறார்: நிறைய உண்பவர், பிறர் மனைவியை நாடுபவர், ஒளி பொருந்தியவர், புகழ் பெற்றவர். பசியும் ஒளியும் அக்னியிலிருந்து வந்தவை என்று ஊகிக்கலாம். பிற்காலத்தார் இரண்டாவதை ஓசையில்லாமல் விட்டுவிட்டு, வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுவார், சட்டென்று கோபம் வரும், எடுத்த வேலையை முடிக்காமல் விடமாட்டார் என்பவற்றைச் சேர்த்தார்கள். கத்தியின் கூர்மைதான் இங்கே பேச்சாகிறது. அடைக்கலம் தேடி வந்தவரைத் தாய்போலப் பார்த்துக்கொள்வார் என்ற குணம் அந்த ஆறு தாய்மாரின் கதையிலிருந்து வந்திருக்க வேண்டும். அதாவது ஒருவரின் இயல்பாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் தெய்வத்தின், சின்னத்தின், கதையின் இயல்பே. இந்த முறையில் உண்மையாகவே அழகானது இந்தக் கோர்வைதான்.

பாதம் மாறினால் பலனும் மாறும். செவ்வாய் வீடான மேஷத்தில் பிறந்தவருக்கு முன்கோபத்தை ஏற்றிச் சொல்வார்கள். சுக்கிரன் வீடான ரிஷபத்துப் பாதங்களுக்குக் கலை, ருசி, சேமிப்பு. சந்திரன் உச்சமடையும் ரிஷபத்தின் 3ஆவது பாகை கார்த்திகையின் இரண்டாம் பாதத்தில்தான் இருக்கிறது. ஆகவே அந்தப் பாதத்தாருக்கு மன உறுதி கூடுதல் என்பது சோதிடர் வாதம். கார்த்திகையில் பிறந்தவருக்குத் தொடக்கம் சூரிய தசை, அதாவது சூரியன் ஆளும் காலம். அதன் முழு அளவு 6 ஆண்டுதான். பிறந்த நேரத்தைப் பொறுத்து அதிலும் ஒரு பகுதியே மிஞ்சும்.

சோதிடம் பார்க்காதவர்களுக்கும் இந்த நட்சத்திரத்தின் சூடு தெரியும். மே மாதத்தில் சூரியன் பரணியின் பின்பாதியில் தொடங்கி, கார்த்திகையைக் கடந்து, ரோகிணியின் முதல் பாதத்தில் இருக்கும் வரையிலான நாட்களே அக்னி நட்சத்திரம், ஊர் வழக்கில் கத்திரி வெயில்.

கல்யாணப் பொருத்தத்தில்தான் இந்தக் குணப்பட்டியல் காயப்படுத்துகிறது. கார்த்திகை ராட்சச கணம், யோனி பெண் ஆடு, விசாகத்தோடு வேதை, அதாவது பொருந்தாமை. கணம் பத்துப் பொருத்தங்களில் ஒன்று மட்டுமே. ஆனாலும் 'ராட்சசம்' என்ற சொல்லைக் கேட்டதுமே பெண்ணை அடங்காதவள் என்று ஒதுக்கும் வீடுகள் உண்டு. இது சோதிட முறைப்படியே அநியாயம். அதற்கும் மேலாக, ஜாதகத்தை வைத்து ஒருவரின் இயல்பைக் கண்டறிய முடியுமா என்பதே சோதித்துப் பார்க்கப்பட்ட கேள்வி. வானியலாளர் ஜெயந்த் நார்லிகரும் குழுவினரும் மகாராஷ்டிரத்தில், படிப்பில் சிறந்த பிள்ளைகள் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 பேர் ஆகியோரின் ஜாதகங்களைத் திரட்டினார்கள். 27 சோதிடர்கள் ஆளுக்கு 40 ஜாதகங்களைப் பார்த்து, எது எவருடையது என்று பிரித்தார்கள். 2009இல் வெளியான முடிவின்படி, சரியாகச் சொன்னது சராசரியாக 46 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலே பாதி சரியாக வந்திருக்கும்.