பேசிக்கொண்டே ஓடலாம் என்று யார் சொன்னது?

ஞாயிற்றுக்கிழமை காலை அஞ்சரை மணிக்கு பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் போனீங்கன்னா ஒரு கூட்டத்தைப் பார்க்கலாம். முப்பதிலிருந்து அறுபது வரை எல்லா வயதும் இருக்கும். என்றைக்கோ ஒரு மாரத்தானில் கொடுத்த டி-ஷர்ட்தான் சீருடை. ஓடிக்கொண்டிருப்பார்கள், ஆனால் ஓட்டத்தைவிடப் பேச்சு அதிகம். ஆபீஸ் அப்ரைசல், பொண்ணோட நீட் கோச்சிங், முட்டி வலிக்கு யாரைப் பார்க்கலாம், முடிந்ததும் எந்தக் கடையில் இட்லி. நானும் மூணு வருஷமா அதில் ஒருத்தன். கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம். வாரத்தில் மூன்று நாள் சின்ன ஓட்டம், ஞாயிறு ஒரு நீண்ட ஓட்டம். எங்களில் யாரும் எந்தப் பந்தயத்திலும் பரிசு வாங்கப் போவதில்லை.

இந்த ஏற்பாடு முழுக்கவே, அதாவது மெதுவாக ஓடுவது, பேசிக்கொண்டே ஓடுவது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீளமாக ஓடுவது, ஏதோ மனுசன் தோன்றிய காலத்திலிருந்து இருப்பது போலத்தான் நினைத்துக்கொண்டு ஓடுகிறோம். தேடிப் பார்த்தால் பெரும்பகுதி அறுபது, எழுபது வருடப் பழசுதான். அதைவிடச் சுவாரசியம், இந்த மெதுவான ஓட்டத்தை முதலில் கையில் வாங்கிக்கொண்ட சாதாரண ஆட்களில் இதய நோயாளிகளும் இருந்தார்கள் என்பது.

அதற்கு முன் நிலைமை என்ன? நெடுந்தூர ஓட்டம் என்றால் போட்டி. பாஸ்டன் மாரத்தான் 1897-லிருந்து நடக்கிறது. 1960 வாக்கில்கூட அதில் ஓடியவர்கள் சுமார் இருநூறு பேர்தான். நாற்பது வயது ஆள் அரைக்கால் சட்டையோடு ரோட்டில் ஓடினால் ஒன்று திருடன், இல்லை பைத்தியம்.

மருத்துவம் என்ன சொன்னது என்பது இன்னும் முக்கியம். மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் படுக்கையில் அசையாமல் வைத்திருப்பதுதான் அன்றைய சிகிச்சை. 1952-ல் சாமுவேல் லெவைன், பெர்னார்ட் லவுன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று எழுதினார்கள். நாற்காலியில் உட்கார வைப்பதே அன்றைக்குப் புரட்சி! 1955-ல் அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருடைய மருத்துவர் பால் டட்லி ஒயிட், நடமாட வேண்டும், கோல்ஃப் ஆட வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். நாடே கவனித்தது.

இந்த இடத்தில் ஒரு ஆய்வைச் சொல்லாமல் போக முடியாது, எனக்கு ரொம்பப் பிடித்தது. 1953-ல் ஜெர்ரி மாரிஸ் என்பவரும் சக ஆய்வாளர்களும் லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றி 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். மாடி பஸ். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார், ஒரு நாளைக்கு ஐந்நூறு அறுநூறு படிகள். ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே வர்க்கம். கண்டக்டர்களைவிட டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம், வந்தால் சாவும் அதிகம். (நம்ம ஊர் கண்டக்டர் பின் படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடியே காசைக் கைமாற்றி வாங்கிவிடுவார். அவரை மாரிஸ் எந்தப் பட்டியலில் சேர்த்திருப்பாரோ.) உடனே கேள்வி வரும் இல்லையா: குண்டான ஆட்கள்தான் டிரைவர் வேலைக்கு வந்தார்கள் என்றால்? மாரிஸ் குழு அதையும் பார்த்தது. கம்பெனி தைத்துக் கொடுத்த சீருடைகளின் இடுப்பளவைத் தோண்டியெடுத்து 1956-ல் இன்னொரு கட்டுரை போட்டார்கள். டிரைவர்களின் இடுப்பு உண்மையிலேயே பெரிசுதான், வேலையில் சேர்ந்த காலத்திலிருந்தே. ஆக பஸ் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது என்று தங்கள் ஆய்வுக்குத் தாங்களே ஓட்டை காட்டினார்கள். ஆனால் நடந்து தபால் கொடுப்பவர்களையும் மேசை குமாஸ்தாக்களையும் ஒப்பிட்டபோதும் கதை அதே பக்கம்தான் சாய்ந்தது.

இது ஆராய்ச்சி உலகம். வீட்டு உலகம் வேறு. எங்க அப்பாவுக்கு 1993-ல் மாரடைப்பு, வயது 49. டாக்டர் நடக்கத்தான் சொன்னார். ஊரில் யாரும் நடக்க விடவில்லை. அத்தை வந்து உட்கார்ந்துகொண்டு "அலட்டிக்காதீங்கண்ணே, எதுன்னாலும் பயலுவ செய்வானுவ" என்பார். குடம் தூக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது, கடைக்குப் போகக் கூடாது. ஒரு வருடத்தில் அப்பா வாசல் திண்ணைக்கும் கட்டிலுக்கும் நடுவில் மட்டும் நடக்கிற மனிதர் ஆகிவிட்டார். யாரையும் குறை சொல்ல இல்லை. பாசம்தான். ஆனால் லெவைனும் லவுனும் எழுதி நாற்பது வருடம் ஆகியிருந்தது என்பதை இப்போது கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சரி, நியூசிலாந்துக்குப் போவோம்.

ஆர்தர் லிடியர்ட், 1917-ல் ஆக்லாந்தில் பிறந்தவர். செருப்புத் தொழிற்சாலையில் வேலை, கூடவே வீடு வீடாகப் பால் போடுவார். ரக்பி ஆடியவர் என்பதால் தான் திடகாத்திரமான ஆள் என்ற நினைப்பு. 1945 வாக்கில் கிளப்பில் மூத்தவர் ஒருவர் அவரை எட்டு கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் கூட்டிப் போனார். லிடியர்டுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில் இந்த நிலைமை என்றால் நாற்பத்தேழில் என்ன கதி என்று யோசித்தார். அவருடைய பயிற்சி முறை அத்தனையும் அந்தக் கேள்வியிலிருந்து முளைத்ததுதான்.

அப்போது புழக்கத்தில் இருந்த பயிற்சி என்றால் வேகமாக ஓடு, நில், மறுபடி வேகமாக ஓடு. லிடியர்ட் வேறு வழியில் போனார். வருடக்கணக்கில் தன் உடம்பையே டெஸ்ட் சர்வர் ஆக்கினார். ஒரு வாரம் கொஞ்சம், ஒரு வாரம் பேய்த்தனமாக, சில சமயம் வாரத்துக்கு 400 கிலோமீட்டர் வரை. எது தாங்குகிறது, எது உடைக்கிறது என்று பார்த்தார். என் துறையில் ஒரே ஒரு ஆளை வைத்து இப்படிச் சோதித்துவிட்டு ரிலீஸ் பண்ணினால் வேலை போய்விடும். கடைசியில் வந்த முடிவு: மூச்சு முட்டாத வேகத்தில் வாரம் 160 கிலோமீட்டர். வேகமெல்லாம் அந்த அஸ்திவாரத்தின் மேல் கடைசியாகக் கட்டுவது. 800 மீட்டர் ஓடுபவனுக்கும் இதே மருந்துதான். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டிலிருந்து கிளம்பி வைடாகெரே மலைத்தொடரில் ஏறி, வையாடருவா வழியாகச் சுற்றி வர 35 கிலோமீட்டர். இன்றைக்கு உலகம் முழுக்க ஆபீஸ் போகிற ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை அலாரம் வைத்து எழுந்து போகிற அந்த 'லாங் ரன்' இந்த மலைப்பாதைக்கு ரொம்பவே கடன்பட்டது.

1960 ரோம் ஒலிம்பிக்ஸ். செப்டம்பர் 2 அன்று அவரிடம் பயிற்சி பெற்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம் எடுத்தார். அதே நாளில் மரே ஹால்பெர்க் 5000 மீட்டரில் தங்கம். ரக்பியில் அடிபட்டு இடது கை சூம்பிப்போனவர் ஹால்பெர்க். சில நாள் கழித்து மாரத்தானில் பேரி மகீ வெண்கலம்.

விளையாட்டு வரலாறு எழுதுபவர்கள் இங்கே நின்று பதக்கங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. ஊருக்குள் பேர் வாங்கிய லிடியர்டை அங்கங்கே பேசக் கூப்பிட்டார்கள். கேட்க வந்தவர்கள் தொந்தி போட்ட நடுவயது வியாபாரிகள். சிலருக்கு ஏற்கெனவே மாரடைப்பு வந்திருந்தது. ஓடலாம் என்றார் லிடியர்ட். சாம்பியன்களுக்குச் சொன்ன அதே விதியைத் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் கொடுத்தார்: சிரமப்படாதே, பேச முடிகிற வேகத்தில் போ, தினமும் போ. பின்னாளில் ஆக்லாந்து மேயர் ஆன காலின் கே போன்றவர்கள் சேர்ந்துகொள்ள, 1962 வாக்கில் ஆக்லாந்து ஜாகர்ஸ் கிளப் உருவானது. ஜாகிங் என்பதற்குத் தமிழில் 'மெல்லோட்டம்' என்று ஒரு சொல் இருக்கிறது. லிடியர்ட் கேட்டிருந்தால் அதைத்தான் பிடித்துக்கொண்டிருப்பார். ஆங்கிலச் சொல்லில் மென்மை இல்லை, குலுக்கல்தான் இருக்கிறது.

1962 டிசம்பரில் ஆரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மன் நியூசிலாந்து வந்தார். வயது 51. உலகச் சாதனை படைத்த தொடர் ஓட்டக் குழுவின் கோச். ஒரு ஞாயிறு காலை லிடியர்ட் அவரை ஜாகர்ஸ் கூட்டத்தோடு ஓட அழைத்துப் போனார். கொஞ்ச தூரத்திலேயே பவர்மனுக்கு மூச்சு வாங்கிவிட்டது. அவருக்காக வேகத்தைக் குறைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே கூட ஓடியவர் எழுபது தாண்டிய, மாரடைப்பிலிருந்து மீண்ட ஒரு பெரியவர். பவர்மனால் பதில்கூடச் சொல்ல முடியவில்லை. வாழ்நாளெல்லாம் ஓட்டக்காரர்களை உருவாக்கியவருக்கு, ஓடுவதால் ஓட வைப்பவனுக்கு ஒன்றும் ஆகாது என்பது அன்றைக்குத்தான் உறைத்திருக்கிறது.

சில வாரம் அங்கேயே தங்கி, தினமும் ஓடி, இடுப்பளவு குறைந்து ஊர் திரும்பினார். 1963 தொடக்கத்தில் யூஜின் நகரத்தில் பொதுமக்களை மைதானத்துக்கு அழைத்தார். முதல் வாரம் கொஞ்சம் பேர். சில வாரங்களில் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்ததும் பவர்மனுக்குப் பயம் வந்துவிட்டது. யாராவது ஒருத்தர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால்? கூட்டத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, வால்டோ ஹாரிஸ் என்ற இதய மருத்துவரைச் சேர்த்துக்கொண்டு, சின்னக் குழுவை வைத்து ஒழுங்காகச் சோதித்தார். இருவரும் சேர்ந்து எழுதிய 'ஜாகிங்' 1967-ல் வந்தது, பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ஓடும்போது பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம் என்ற சோதனை அதில் இருக்கிறது. இன்று 'ஜோன் 2' என்று முப்பதாயிரம் ரூபாய் வாட்ச் கையில் காட்டுவது கிட்டத்தட்ட இதைத்தான். (1964-ல் பவர்மன் தன் பழைய மாணவர் ஃபில் நைட்டோடு ஒரு ஷூ கம்பெனியும் தொடங்கினார். பிற்காலத்தில் அதன் பெயர் நைக்கி.)

மீதி கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1968-ல் கென்னத் கூப்பரின் 'ஏரோபிக்ஸ்'. 1970-ல் முதல் நியூயார்க் மாரத்தான்: சென்ட்ரல் பார்க்குக்குள் 127 பேர் கிளம்பி 55 பேர் முடித்தார்கள். 1976-ல் அது நகரத் தெருக்களுக்கு வந்தபோது சுமார் 2000 பேர்.

பெண்களுக்கு இந்தக் கதவு அவ்வளவு சீக்கிரம் திறக்கவில்லை. 1928 ஒலிம்பிக்ஸுக்குப் பிறகு பெண்களுக்கு 800 மீட்டரையே 1960 வரை நிறுத்தி வைத்திருந்தார்கள், உடம்பு தாங்காதாம். பாஸ்டனில் பெண்கள் அதிகாரபூர்வமாக ஓட 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் 1964-லேயே ஆக்லாந்தில் மில்லி சாம்ப்சன் மாரத்தானை 3 மணி 19 நிமிடம் 33 நொடியில் ஓடி முடித்திருந்தார். லிடியர்டின் கிளப்பான ஓவைராகாவைச் சேர்ந்தவர். ஆண்கள் கூட்டமாக மெதுவாக ஓடுவது சாதாரணக் காட்சியாகிவிட்ட ஊரில் ஒரு பெண் கூட ஓடுவது அவ்வளவு பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்காது என்பது என் ஊகம்.

இனி ஜிம் ஃபிக்ஸ். இவரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் அது விளம்பரம் ஆகிவிடும்.

ஃபிக்ஸின் அப்பாவுக்கு 35 வயதில் மாரடைப்பு, 43-ல் இறந்துவிட்டார். மகனும் குண்டு, நாளுக்கு இரண்டு பாக்கெட் சிகரெட். 35-வது வயதில் ஓட ஆரம்பித்தார், எடை குறைந்தது, சிகரெட்டை விட்டார். 1977-ல் அவர் எழுதிய 'தி கம்ப்ளீட் புக் ஆஃப் ரன்னிங்' அமெரிக்காவையே ஓட வைத்தது. 1984 ஜூலை 20, வெர்மான்ட் மாநிலத்தில் தினசரி ஓட்டத்துக்குப் போன இடத்தில் சாலையோரம் இறந்து கிடந்தார். வயது 52. பிரேதப் பரிசோதனையில் இதயத்தின் மூன்று ரத்தக் குழாய்களில் அடைப்பு: 95, 85, 70 சதவீதம்.

ஓடுவது ஆபத்து என்று அன்றைக்குச் சிரித்தவர்கள் நிறைய. கூப்பர் அடுத்த வருடமே ஃபிக்ஸின் மரணத்தை ஆராய்ந்து ஒரு புத்தகம் போட்டார். தன் கிளினிக்குக்கு வந்திருந்தபோது டிரெட்மில் சோதனைக்கு ஃபிக்ஸ் சம்மதிக்கவில்லை என்பதை அதில் பதிவு செய்கிறார். ஓட்டம் ஃபிக்ஸுக்கு அவருடைய அப்பாவைவிட ஒன்பது வருடம் அதிகம் கொடுத்தது என்று வாதாடுவோர் உண்டு. நிரூபிக்க முடியாத வாதம். ஓட்டம் அடைப்பைக் கரைத்துவிடும் என்ற நம்பிக்கை மட்டும் அன்றோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. எங்கள் கூட்டத்திலேயே "நாமதான் ஓடுறமே, நமக்கு எதுக்கு டெஸ்ட்டு" என்கிற ஆட்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள்.

எனக்கு இப்போது 44. அப்பாவின் 49 ரொம்ப தூரத்தில் இல்லை. அதனால் ஒவ்வொரு ஜனவரியிலும் டி.எம்.டி., கொலஸ்ட்ரால், சர்க்கரை மூன்றும் பார்த்துவிடுகிறேன். ரிப்போர்ட்டை அம்மாவிடம் காட்டுவேன். படிக்கத் தெரியாவிட்டாலும் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மெதுவா ஓடுப்பா" என்பார்.

லிடியர்ட் 2004 டிசம்பரில் இறந்தார். 87 வயதில், அமெரிக்காவில் ஊர் ஊராகச் சொற்பொழிவு நடத்திக்கொண்டிருந்தபோது டெக்சாஸ் ஹோட்டல் ஒன்றில். மாரடைப்பாக இருக்கலாம் என்றார்கள். நடுவில் அறுபதுகளின் கடைசியில் அவர் ஃபின்லாந்து போய்ச் செய்த வேலை தனியாகவே எழுத வேண்டிய அளவுக்கு இருக்கிறது. அடுத்த பதிவில் பார்ப்போம்.