மாணவர் காதலும் வன்முறையும்

ஒரு கொடுமை உலகில் இருப்பது வேறு. அதற்கு ஒரு பெயர் கிடைப்பது வேறு. பெயரில்லாத கொடுமையைப் பற்றி முறையிடவும் இயலாது. அதைக் கணக்கெடுக்கவும் இயலாது. கல்லூரி மாணவ மாணவியரின் காதல் உறவில் ஒருவர் மற்றவரைத் துன்புறுத்தும் வழக்கம் நெடுங்காலம் அவ்வாறே இருந்தது. கணவன் மனைவியை அடித்தால் அது குடும்பப் பூசல் எனப்பட்டது. அயலான் ஒரு பெண்ணைத் தாக்கினால் அது குற்றம் எனப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட உறவில் விழுந்த அடியோ எந்தக் கணக்கிலும் சேரவில்லை. அது கணக்கில் ஏறிய வரலாற்றை இங்கே சுருக்கமாக நோக்குவோம்.

இவ்வாராய்ச்சி முதலில் அமெரிக்காவிலே தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நாட்டில், பெண்ணின் இல்லத்திற்குச் சென்று பெற்றோர் முன்னிலையில் அவளைச் சந்திக்கும் பழைய முறை மங்கியது. இருவரும் தனியே வெளியே சென்று வரும் 'டேட்டிங்' என்ற வழக்கம் ஓங்கியது. கல்லூரிகளில் இதனை ஆராய்ந்த வில்லர்ட் வாலர் என்ற சமூகவியலறிஞர், மாணவரிடையே இவ்வுறவு மதிப்பைத் தேடும் போட்டியாக மாறிவிட்டதை 1937-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். உறவைத் தொடர்வதில் எவருக்கு ஆர்வம் குறைவோ, அவரே மற்றவரை ஆட்டிவைக்கிறார் என்ற கருத்தையும் அவர் 1938-இல் வெளியிட்டார். அன்பென்று நாம் கருதும் உறவினுள்ளும் ஆதிக்கம் குடிகொள்ளும் என்பது இதனால் புலனாயிற்று.

1957-இல் கிர்க்பாட்ரிக், கானின் என்ற இருவர் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவியர் 291 பேரிடமிருந்து விடைகள் பெற்றனர். அக்கல்வியாண்டில் மட்டும், தம்முடன் பழகிய ஆடவரின் அத்துமீறலுக்கு ஒருமுறையேனும் ஆளானதாகப் பாதிக்கு மேற்பட்டோர் கூறினர். ஆயினும் இச்செய்தி அன்று பெரிதாக எவர் செவியிலும் ஏறவில்லை. 1981-இல் ஜேம்ஸ் மேக்பீஸ் என்பவர் மின்னசோட்டா மாநிலக் கல்லூரி மாணவர்களிடையே நடத்திய ஆய்வை வெளியிட்டார். ஏறத்தாழ ஐவரில் ஒருவர் காதல் உறவில் அடி, உதை, மிரட்டல் போன்றவற்றை நேரில் அனுபவித்திருந்தனர். பூசலுக்கு அவர்கள் கூறிய காரணங்களுள் முதலிடம் பெற்றது பொறாமை. அதிகாரிகளிடம் முறையிட்டவரோ மிகச் சிலரே.

1987-இல் மேரி காஸும் அவருடன் பணியாற்றியோரும் 32 கல்வி நிலையங்களில் 6,159 மாணவ மாணவியரை ஆராய்ந்தபோது, பெண்களைப் பலாத்காரம் செய்தவர் பெரும்பாலும் அவர்களுக்கு அறிமுகமானவரே என்பது தெளிவாயிற்று. 2004-இல் முரே ஸ்ட்ராஸ் 16 நாடுகளின் 31 பல்கலைக்கழகங்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். நம் நாட்டுப் புனே நகரும் அதில் இடம்பெற்றது. முந்திய ஓராண்டில் துணைவரை உடலால் தாக்கியதாக ஒப்புக்கொண்டோர் நூற்றுக்கு 29 பேர். ஆணும் பெண்ணும் கை நீட்டுவதுண்டு எனினும், கடுமையான காயமும் அச்சமும் பெண்களுக்கே மிகுதி.

இவ்வாய்வுகளும் இவற்றைத் தொடர்ந்தவையும் சில பொதுக் காரணங்களைச் சுட்டுகின்றன. இளமையில் தன் வீட்டிலேயே அடிதடியைக் கண்டு வளர்ந்தமை, மதுப் பழக்கம், பெண்ணைத் தன் உடைமையாகக் கருதும் மனப்பான்மை, அதனை ஆண்மையென்று புகழும் தோழர் கூட்டம் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இவை இருக்குமிடத்தில் வன்முறை நிகழ்ந்தே தீரும் என்பதில்லை. நிகழும் வாய்ப்பு மிகுதி என்பதே பொருள். வன்முறை அடியில் தொடங்குவதும் அரிது. "எங்கே போனாய், யாருடன் பேசினாய்?" என்ற விசாரணையில் அது தொடங்கும், நண்பர்களிடமிருந்து பிரிப்பதில் வளரும். முதல் அடிக்குப் பின் கண்ணீரும் மன்னிப்பும் வரும். பின்னர் மறுபடியும் அடி வரும். இன்றோ கைபேசியின் கடவுச்சொல்லைக் கேட்பதும், படங்களை வெளியிடுவதாக மிரட்டுவதும் இதனோடு சேர்ந்துகொண்டன.

நம் நாட்டில் சட்டம் இத்துறையில் படிப்படியாகவே நடந்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், திருமணத்தை ஒத்த உறவில் வாழ்ந்த பெண்ணுக்கும் பாதுகாப்பளித்தது. ஆனால், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2010-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், காதலர் எல்லோரும் அந்த வரையறைக்குள் வாரார் என்று விளக்கிற்று. 2013-இல் ஒரு பெண்ணை விடாமல் பின்தொடர்வது தனிக் குற்றமாக்கப்பட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது இடம்பெற்றுள்ளது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிகளின்படி, பாலியல் துன்புறுத்தல் பற்றிய முறையீட்டை விசாரிக்கும் உட்குழு கல்லூரிகளில் இருத்தல் வேண்டும்.

சட்டம் எட்டாத இடம் ஒன்று உண்டு. அது நம் இல்லத்தின் கூடம். மேனாடுகளில் காதலைப் பெற்றோர் அறிந்திருப்பர். அடியையே மகள் மறைப்பாள். நம் வீடுகளிலோ காதலையே மறைக்கவேண்டியிருக்கிறது. "உன் வீட்டில் சொல்லிவிடுவேன்" என்ற ஒரு சொல்லே அங்கு ஆயுதமாகிவிடுகிறது. தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் நம்மவர்க்கு இக்கவலை இருமடங்கு. உற்றார் தொலைவில், ஊரார் வாய்க்கு அஞ்சும் பழக்கம் மட்டும் உடன் வந்திருக்கிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்கு, "என்ன நேர்ந்தாலும் முதலில் எங்களிடம் சொல், படிப்பை நிறுத்தமாட்டோம், பழிக்கவும் மாட்டோம்" என்ற உறுதியைப் பெற்றோர் முன்கூட்டியே அளித்திருந்தால், அந்த ஆயுதம் முனை மழுங்கிவிடும். மகனிடமும் பேசவேண்டும்: 'வேண்டாம்' என்ற சொல்லை ஏற்கப் பழகுவதும் கல்வியின் ஒரு பகுதியே. அவசர உதவிக்குப் பெண்கள் 181 என்ற தொலைபேசி எண்ணை அழைக்கலாம். அந்த எண்ணைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கும் வேளையில், இவ்விஷயத்தைப் பற்றிய பேச்சையும் வீட்டில் தொடங்கிவிடலாம்.