அவசரகால ஜொகூரில் கைத்துப்பாக்கி

மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பாட்டாளிக்குத் துப்பாக்கி நெடுங்காலம் எட்டத்தில் இருந்த பொருள். துரையின் பங்களாவில் அது வேட்டைக்கெனச் சுவரில் தொங்கும்; காவல் நிலையத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். 1941ஆம் ஆண்டின் இறுதியில் சப்பானியப் படை நாட்டினுள் புகுந்தபின் அந்நிலை மாறியது. தோற்றுப் பின்வாங்கிய படையினர் விட்டுச் சென்ற கருவிகள் காடுகளுக்குள் சென்று சேர்ந்தன. இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தோட்டத்து இளைஞரும் இளம்பெண்களும் முதன்முறையாகத் துப்பாக்கியைத் தோளில் ஏற்றினர். ஆயினும், நாள்தோறும் லயத்து வாயிலில் துப்பாக்கி நிற்கும் காலம் வந்தது 1948க்குப் பிறகேயாம்.

அவ்வாண்டு சூன் 16ஆம் நாள் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். முதலில் பேராக், ஜொகூர் பகுதிகளிலும், இரு நாட்களில் நாடு முழுவதிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஜொகூர் அப்போராட்டத்தின் கொடிய களங்களுள் ஒன்றாயிற்று. சிகாமட், லாபிஸ், யோங் பெங், குளுவாங், கூலாய் என ரயில் பாதையும் பெருஞ்சாலையும் தொட்டுச் செல்லும் ஊர்களைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்களும், அவற்றை ஒட்டியே அடர்ந்த காடும் இருந்தமை இதற்குக் காரணம். 1950 பிப்ரவரி 23ஆம் நாள் மூவார் ஆற்றங்கரையில் புக்கிட் கெப்போங் காவல் நிலையம் தாக்கப்பட்டு, காவலர் பலரும் அவர்தம் குடும்பத்தாரும் மாண்டனர். எனவே தோட்டங்கள் துப்பாக்கியைத் தேடியது வெற்று அச்சத்தால் அன்று.

தேடிய வேகத்தில்தான் இடர் புகுந்தது. தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்கச் சிறப்புக் காவலர் என்னும் புதிய படை சில மாதங்களில் ஆயிரக்கணக்கில் திரட்டப்பட்டது. அவருள் மிகப் பெரும்பாலோர் மலாய் இளைஞர். நேற்றுவரை வயலிலும் மீன்பிடிப் படகிலும் இருந்தோர் கையில் இன்று ரைபிள் தரப்பட்டது. தொடக்கத்தில் அவர்கள் பெற்ற பயிற்சி மிகச் சிறிது. பாலஸ்தீனத்தில் பணியாற்றிய பிரித்தானிய சார்ஜண்டுகள் வரவழைக்கப்பட்டுத் தோட்டந்தோறும் பயிற்சி தரத் தொடங்கிய பின்னரே நிலை ஓரளவு சீரடைந்தது. தோட்டத் துரைமாரோ இடுப்பில் கைத்துப்பாக்கியும் காரின் இருக்கையில் ஸ்டென் துப்பாக்கியுமாகத் திரிந்தனர்.

இந்த ஸ்டென்னைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். 1941இல் பிரிட்டன் போர் நெருக்கடியில் அவசரமாக வடித்த மலிவான கருவி அது. இலட்சக்கணக்கில் செய்யப்பட்டது. அதன் உள்ளே கனத்த இரும்பு உருளை ஒன்று சுருள்வில்லால் முன்னோக்கித் தள்ளப்படும். அவ்வாறு செல்லும்போதே ஒரு தோட்டாவைப் பற்றி எடுத்து வெடிக்கச் செய்யும். தோட்டாப் பெட்டி பொருத்தியிருக்கையில் அத்துப்பாக்கி கைதவறித் தரையில் விழுந்தால், அந்த அதிர்ச்சியே உருளையைப் பின்னுக்குத் தள்ளிவிடக்கூடும். அது மீண்டும் முன்னோக்கிப் பாயும்போது, எவர் விரலும் விசையில் படாமலே குண்டு வெடிக்கும். லாரியில் ஏறும்போதும் வாய்க்காலைத் தாண்டும்போதும் இத்தகைய கருவி தோளில் தொங்குமாயின், அதனைச் சுமப்பவனைவிட அருகில் நடப்பவனே அஞ்ச வேண்டியவனாகிறான்.

கைத்துப்பாக்கியின் இடர் வேறு வகைப்பட்டது. அது சிறியது; ஆதலால் அதன் வாய் எத்திசையிலும் எளிதில் திரும்பும். பழைய சுழல் துப்பாக்கிகளில் குதிரை எனத் தமிழர் அழகாகப் பெயரிட்ட அச்சிறு சுத்தியல் தோட்டாவின் தலைமேலேயே அமர்ந்திருக்கும். பின்புறம் ஓர் அடி பட்டால் வெடித்துவிடும். அதனால்தான் சென்ற நூற்றாண்டுக்கு முன்பே அமெரிக்கர் ஆறு அறைகளுள் ஒன்றை வெறுமையாக விட்டுச் சுமந்தனர். பின்னாளில் வந்த சுழல் துப்பாக்கிகளில் குதிரையைத் தடுக்கும் உறுப்பு பொருத்தப்பட்டது. தானியங்கிக் கைத்துப்பாக்கியிலோ மனிதர் ஏமாறும் இடம் மற்றொன்று. பிடியிலிருந்து தோட்டாப் பெட்டியை உருவிவிட்டால் துப்பாக்கி வெறுமையாயிற்று என நம்புவர். குழலின் அறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கும். பெட்டியை உருவி, பின் அறையைத் திறந்து கண்ணாலும் விரலாலும் பார்த்தல் என்னும் வரிசையை மாற்றிச் செய்தமையால் உலகெங்கும் இறந்தோர் பலர். விசையை முழுதும் மூடும் உறை, சுடும் கணம்வரை விசைக்கு வெளியே நிற்கும் விரல், எந்தத் துப்பாக்கியையும் தோட்டா ஏற்றியதாகவே கருதும் பழக்கம் என்னும் இவையெல்லாம் எளியவையாகத் தோன்றும். களைத்துப்போன காவலனுக்கு இரவு மூன்று மணிக்கு அவை எளியவை அல்ல.

1950இல் பிரிக்ஸ் திட்டம் தென் ஜொகூரில் தொடங்கிற்று. லயங்கள் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. பால்மரம் சீவச் செல்லும் ஆணும் பெண்ணும் விடியற்காலையில் வாயிலில் வரிசையாக நின்று, அரிசி எடுத்துச் செல்கின்றனரா எனச் சோதிக்கப்பட்டனர். நெருங்கி நிற்கும் கூட்டம், அதன் முன்னே தோட்டா ஏற்றிய துப்பாக்கி: இதனினும் இடர் மிக்க காட்சி வேறில்லை. அந்த வரிசையில் நின்ற மக்கள் குழலின் வாய் எங்கே நோக்குகிறது என்பதைப் பார்க்கக் கற்றிருப்பர். பிரித்தானியப் படையில் இத்தகைய நிகழ்வை முதலில் தற்செயல் வெடிப்பு என்றனர். பின்னர்க் கவனக்குறைவு வெடிப்பு எனப் பெயர் மாற்றினர். பெயர் மாறியதும் பழி கருவியிலிருந்து மனிதன் மேல் வந்து அமர்ந்தது. சொல்லாராய்ச்சியில் ஈடுபடுவோர் எண்ணிப் பார்க்கத்தக்க மாற்றம் இது.

உரிமம் உடையவனுக்குக் கவனக்குறைவு குற்றம். உரிமம் இல்லாதவனுக்கோ துப்பாக்கி இருந்ததே சாவு. அவசரகாலச் சட்டவிதிகள் அனுமதியின்றித் துப்பாக்கி சுமப்போர்க்குத் தூக்குத் தண்டனை விதித்தன. மலாயாத் தொழிற்சங்கங்களின் சம்மேளனத் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி இவ்விதியின்கீழ் 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் பூடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசின் வேண்டுகோளும் அவரைக் காக்கவில்லை.

ஜொகூரிலோ சாம்பசிவம் என்னும் தமிழரின் வழக்கு வேறு முடிவு கண்டது. துப்பாக்கி சுமந்தார், தோட்டாக்கள் வைத்திருந்தார் என 1948இல் அவர்மேல் இரு குற்றச்சாட்டுகள் எழுந்தன. தோட்டாக் குற்றத்தினின்று அவர் விடுவிக்கப்பட்டார். துப்பாக்கிக் குற்றச்சாட்டில் நீதிபதியும் உடனமர்ந்த மதிப்பீட்டாளர்களும் உடன்படாமையால் அது மட்டும் மறு விசாரணைக்குச் சென்று, மரண தண்டனையில் முடிந்தது. குண்டு ஏற்றியிருந்ததா என்பது சட்டத்தின் வினா அன்று. சுமந்தாரா என்பதே வினா. மறு விசாரணையில் அவருடையதெனக் கூறப்பட்ட வாக்குமூலம் ஒன்றே பெருஞ்சான்றாயிற்று. துப்பாக்கியோடு தோட்டாக்களும் தம்மிடம் இருந்தன என்று அதில் கண்டிருந்தது. தோட்டாக் குற்றத்தில் அவர் முன்பே விடுதலை பெற்றவர் என்பது புதிய மதிப்பீட்டாளர்களுக்கு எடுத்துரைக்கப்படவில்லை. இலண்டன் பிரிவி கவுன்சில் 1950இல் அத்தீர்ப்பைத் தள்ளியது. ஒருமுறை கிடைத்த விடுதலை, பின்வரும் எல்லா விசாரணைக்கும் முடிந்த முடிபாகும் என மக்டெர்மொட் பிரபு வழங்கிய விளக்கத்தை, காமன்வெல்த் நாடுகளின் வழக்குமன்றங்கள் இன்றும் சாம்பசிவம் வழக்கு என்னும் பெயராலேயே எடுத்தாளுகின்றன.