லயமும் கட்டியும்: வத்தேகமத் தோட்டப்புறம் பற்றிய ஒரு குறிப்பு

கண்டியிலிருந்து வத்தேகம வழியாக மாத்தளைக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது 1880 இல். அதே ஆண்டில் ஸ்கொத்லாந்துச் சத்திரவைத்தியர் அலெக்சாந்தர் ஒக்ஸ்தன் கட்டியின் சீழிலே கொத்துக்கொத்தான நுண்ணுயிர்களைக் கண்டார். 1882 இல் அவற்றுக்கு ஸ்ரபிலோகொக்கசு எனப் பெயரிட்டார். பெயரின் முற்பகுதி திராட்சைக் குலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாகும்.

தோட்டப்புற மக்களோ கட்டியை உடற்சூட்டின் விளைவாகக் கொண்டு, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றிட்டனர். உடைந்த கட்டி ஆறிற்று. பின்னர் வேறோரிடத்தில் எழுந்தது. ஏன்? அக்கிருமி நலமுள்ளோருள்ளும் ஏறத்தாழ மூவரில் ஒருவரின் மூக்கினுள்ளே தங்கியிருப்பது. தோலுராய்வும் பொதுத் துணியும் அதனைப் பரப்பும். நீரிழிவுடையோரை அது எளிதிற் பற்றும். குடும்பம் முழுவதும் ஓரறையில் உறங்கிய லயக் காம்பராவைவிட அதற்கு வாய்ப்பான இடம் வேறில்லை.

மருத்துவத் தேவைகள் பற்றிய 1912 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் லயங்களைத் துப்புரவாகப் பேணும் கடமையைத் துரைமார்மீது சுமத்தியது. துப்புரவு ஒன்று, நெருக்கம் வேறொன்று. சட்டம் முன்னதையே கண்டது. 1940களில் பரவிய பெனிசிலினையும் இக்கிருமி விரைவில் எதிர்த்து நின்றது. கீறிச் சீழகற்றலே இன்றும் முதற் சிகிச்சை. மீண்டும் மீண்டும் வருமாயின், மூக்கிற்கு முப்பிரோசின் களிம்பும், கிருமிகொல்லி நீராடலும், வீட்டார் அனைவரின் துணிகளையும் வெந்நீரில் துவைத்தலும் விதிக்கப்படுகின்றன. ஓரறை வீட்டார்க்கு இவற்றுள் மிக அரிதானது களிம்பன்று, தனித்துவாயும் தனிப்பாயுமே.