ஐம்பது சென்ட் புத்தகமும் சாரணர் நூலகரும்

பத்து வயதைக் கடந்து இன்னும் உயர்நிலைப் பள்ளியை எட்டாத சிறுவர்கள் எதைப் படிக்கவேண்டும் என்று பெரியவர்கள் பட்டியல் போடத் தொடங்கிய வரலாறு, அமெரிக்காவைப் பொறுத்தவரை, மலிவு அச்சின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது. சிறுவனின் கையில் காசு புழங்காத காலத்தில் அவனுக்கான நூலைத் தந்தையோ ஆசிரியரோ தேவாலயமோ தேர்ந்தெடுத்தது. அவன் தன் சொந்தக் காசில் வாங்கக்கூடிய விலைக்குக் கதைகள் இறங்கி வந்த பிறகே, தேர்வு என்பது விவாதத்துக்குரிய பொருளாயிற்று.

அந்த விலை முதலில் பத்து சென்ட்டாக இருந்தது. 1860இல் நியூயார்க்கின் பீடில் நிறுவனம், ஆன் ஸ்டீஃபன்ஸ் எழுதிய ‘மலாஸ்கா’ என்னும் கதையை முதல் வெளியீடாகக் கொண்டு, பத்து சென்ட் நாணயத்தின் பெயராலேயே ‘டைம் நாவல்’ என அழைக்கப்பட்ட மெல்லிய அட்டைப் புத்தகங்களை வெளியிடத் தொடங்கியது. உள்நாட்டுப் போரின் பாசறைகளில் படைவீரர்கள் விரும்பிப் படித்த இந்த நூல்கள், போருக்குப் பிறகு மேலும் விலை குறைந்து, சிறுவர்களிடம் போய்ச் சேர்ந்தன. ஒழுக்கக் காவலராகப் பெயரெடுத்திருந்த அந்தோணி காம்ஸ்டாக், 1883இல் வெளியிட்ட ஒரு நூலில், இத்தகைய கதைகளை இளையோரைப் பிடிக்க விரிக்கப்பட்ட பொறிகள் என்று வருணித்தார். அதற்கு ஓராண்டு முன்னதாகவே ஹார்ட்ஃபர்ட் நகரின் நூலகர் கரோலைன் ஹியூன்ஸ், கண்டனத்தைக் காட்டிலும் பயனுள்ள வழியைத் தேர்ந்து, இளையோருக்கு ஏற்ற நூல்களின் பட்டியலொன்றைப் பெற்றோருக்காகத் தொகுத்து வெளியிட்டிருந்தார். தடுப்பது, மாற்றுக் கொடுப்பது என்ற இந்த இரண்டு வழிகளுக்கு இடையில்தான் அடுத்த அரை நூற்றாண்டின் சர்ச்சை முழுவதும் ஊசலாடியது.

இச்சர்ச்சையின் மையத்தில் நின்றவர் எட்வர்ட் ஸ்ட்ரேட்மேயர் (1862–1930). மலிவுப் பத்திரிகைகளில் எழுதியும் ஆசிரியராக இருந்தும் தொழில் கற்ற அவர், சிறுவன் ஒரு நல்ல நூலைத் தேடுவதில்லை, முன்பு பிடித்துப்போன நூலைப் போன்ற இன்னொன்றையே தேடுகிறான் என்பதைத் தம் காலத்துப் பதிப்பாளர்கள் எவரையும்விடத் தெளிவாக உணர்ந்திருந்தார். அவர் நடத்திய ‘சிண்டிகேட்’ ஒரு கதைப் பட்டறை: கதையின் சுருக்கத்தை அவர் சில பக்கங்களில் வகுத்துக் கொடுப்பார், ஊதியத்துக்கு அமர்த்தப்பட்ட எழுத்தாளர் அதை விரித்து எழுதி, உரிமை முழுவதையும் எழுதிக் கொடுத்துவிடுவார், நூல் ஒரு கற்பனைப் பெயரில் வெளிவரும். விக்டர் ஆப்பிள்டன் என்ற பெயரில் 1910 முதல் வந்த டாம் ஸ்விஃப்ட் கதைகளின் தொடக்க நூல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ஹோவர்ட் காரிஸ். ஸ்ட்ரேட்மேயரின் இன்னொரு கண்டுபிடிப்பு விலையைப் பற்றியது. கெட்டி அட்டையிட்ட சிறுவர் நூல் ஒரு டாலரோ அதற்கு மேலோ விற்ற நாளில், அதே தோற்றமுள்ள நூலை ஐம்பது சென்ட்டுக்குக் கொடுத்து, எண்ணிக்கையால் ஈடுகட்டலாம் என்று அவர் பதிப்பாளர்களை இணங்க வைத்தார். இதனால் டைம் நாவலின் வேகம், அலமாரியில் வைக்கத்தக்க, தாத்தா பேரனின் பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுக்கத்தக்க, மரியாதையான உருவத்தைப் பெற்றது. ஒழுக்கக் காவலர்களை மிகவும் கலங்கச் செய்ததும் இதுவே எனலாம்.

டாம் ஸ்விஃப்ட் தொடரின் முதல் நூலைப் பார்த்தால் அந்தப் பட்டறையின் நுட்பம் விளங்கும். புதிதாக வாங்கிய மோட்டார் சைக்கிளை ஓட்டத் தெரியாமல் மரத்தில் மோதிக்கொண்ட டேமன் என்னும் பெரியவர், வெறுத்துப்போய் அதை டாமிடம் மலிவாக விற்றுவிடுகிறார்; டாம் அதைப் பிரித்துப் பழுதுபார்த்து மேம்படுத்துகிறான்; பிறகு தந்தையின் கண்டுபிடிப்பு ஒன்றின் மாதிரியை அதில் எடுத்துச் செல்லும் வழியில் திருடர்களிடம் சிக்குகிறான். பெரியவர் கைவிட்ட இயந்திரத்தைச் சிறுவன் வசப்படுத்துகிறான் என்ற இந்த ஒரு சூழ்நிலையில் பன்னிரண்டு வயதின் ஆசை எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. அத்தியாயங்கள் ஆபத்தின் விளிம்பில் முடியும்படி அமைக்கப்பட்டன. நூலின் இறுதி அடுத்த நூலுக்கு ஆசை காட்டியது. நடை தட்டையானது, பாத்திரங்கள் அட்டையில் வெட்டியவை, கறுப்பின மக்களைப் பற்றிய சித்தரிப்பு இன்று கூச வைப்பது. ஆனால் படிப்பவன் நூலைக் கீழே வைப்பதில்லை. (மின் அதிர்ச்சி தரும் ‘டேசர்’ கருவியின் பெயரே 1911இல் வந்த ஒரு டாம் ஸ்விஃப்ட் நூலின் தலைப்பிலிருந்து எடுக்கப்பட்டது, அதை உருவாக்கிய அறிவியலாளர் சிறுவயதில் அந்நூல்களைப் படித்தவர்.)

இத்தகைய தொடர் நூல்களுக்கு எதிரான குரல் சாரணர்களிடமிருந்தும் எழுந்தது. 1910இல் தோன்றிய அமெரிக்கச் சாரணர் இயக்கம், தன் தலைமை நூலகராக ஃபிராங்க்ளின் மாத்யூஸ் என்பவரை நியமித்தது. அவர் ‘தி அவுட்லுக்’ இதழில் 1914 நவம்பரில் எழுதிய கட்டுரையின் தலைப்பே, இந்த மலிவுத் தொடர்கள் சிறுவனின் மூளையை வெடிவைத்துச் சிதறடிக்கின்றன என்று குற்றஞ்சாட்டியது. ஓயாத பரபரப்பு கற்பனையை மழுங்கடித்து நிதானமான வாசிப்புக்கு லாயக்கற்றதாக்கிவிடும் என்பது அவர் வாதம். தரத்தைப் பற்றிய அவரது மதிப்பீட்டில் பிழை காண்பது கடினம்; தீங்கைப் பற்றிய அவரது அச்சத்துக்கோ அவர் காட்டிய சான்று போதாது. எனினும் மாத்யூஸ் வெறும் கண்டனக்காரர் அல்லர். அதற்கு முன்பே, நூலகர்கள் சிலர் அடங்கிய குழுவின் துணையுடன், ‘எவ்ரி பாய்ஸ் லைப்ரரி’ என்ற வரிசையை 1913இல் அவர் தொடங்கியிருந்தார். ‘புதையல் தீவு’, ஜாக் லண்டனின் ‘கானகத்தின் அழைப்பு’, ஜூல்ஸ் வெர்னின் கடலடிப் பயணக் கதை ஆகியவை அவ்வரிசையில் இடம்பெற்றன. ஒவ்வொன்றின் விலையும் அதே ஐம்பது சென்ட். வெளியிட்டதோ, டாம் ஸ்விஃப்டை வெளியிட்டுவந்த அதே கிராஸட் அண்ட் டன்லப் நிறுவனம்!

இந்த முரணில்தான் அக்காலத்தின் உண்மை நிலை வெளிப்படுகிறது. நல்ல நூலைப் பரிந்துரைத்தால் மட்டும் போதாது, அது எதிராளியின் விலையிலும் தோற்றத்திலும் கடையில் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்பதை மாத்யூஸ் கண்டுகொண்டார். அவரது ஆதரவோடு பெர்சி ஃபிட்ஜ்ஹியூ 1915 முதல் எழுதிய டாம் ஸ்லேட் கதைகள், அழகான நடையும் சாரண ஒழுக்கமும் கொண்டவையாயினும், அமைப்பில் முழுமையான தொடர் நூல்களே. பகைவனை வெல்ல அவனுடைய ஆயுதத்தையே எடுக்கவேண்டியிருந்தது. சிறுவர் நூல்களுக்கென ஆண்டில் ஒரு வாரத்தை ஒதுக்கவேண்டும் என்று மாத்யூஸ் வலியுறுத்தி வந்ததன் பயனாக, பதிப்புத் துறை இதழாளர் ஃபிரெடரிக் மெல்ச்சரும் நியூயார்க் பொது நூலகத்தின் சிறுவர் பிரிவுத் தலைவி ஆன் கரோல் மூரும் கைகோக்க, 1919இல் சிறுவர் புத்தக வாரம் நாடு முழுவதும் நடத்தப்பட்டது. அது இன்றும் நடக்கிறது. மெல்ச்சரின் முயற்சியால் 1922இல் தொடங்கிய நியூபெரி பதக்கமும் இதே ஊக்கத்தின் விளைவு.

இவ்வளவுக்கும் இடையில் பட்டியல் போட்டவர்கள் பலரும் செய்யாதிருந்த ஒரு காரியத்தைச் சிகாகோவுக்கு அருகிலுள்ள வினெட்கா ஊரின் பள்ளிக் கண்காணிப்பாளர் கார்ல்டன் வாஷ்பர்ன் செய்தார்: சிறுவர்களையே கேட்டார். அவரும் மேபல் வோகலும் 34 நகரங்களைச் சேர்ந்த 36,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம், படித்த ஒவ்வொரு நூலைப் பற்றியும் வாக்குச் சீட்டில் கருத்துப் பெற்று, எந்த வாசிப்புத் திறனுள்ள பிள்ளைக்கு எந்த நூல் பிடிக்கிறது என்று வகுத்து, 1926இல் பட்டியலாக வெளியிட்டனர். இந்த விஷயத்தில் அதுவரை வந்த பட்டியல்கள் எல்லாவற்றையும்விட இதுவே நேர்மையானது. ஆயினும், பிள்ளைகள் விரும்பியும் நிபுணர்கள் தகுதியற்றவை என்று ஒதுக்கிய நூல்களுக்கு அதன் முதன்மைப் பட்டியலிலும் இடமில்லை.

ஒதுக்கப்பட்ட நூல்கள் அதனால் அழிந்துவிடவில்லை. மறு ஆண்டே, 1927இல், ஸ்ட்ரேட்மேயர் ஹார்டி பாய்ஸ் தொடரைத் தொடங்கினார். அதன் முதல் நூல்களை எழுதிய கனடாக்காரரான லெஸ்லி மெக்ஃபார்லேன், தலா நூறு டாலர் சொச்சம் பெற்றுக்கொண்டு, பெயரைத் துறந்தார். டாம் ஸ்விஃப்டின் முதல் தொடர் 1941 வரை ஓடியது. ஆன் கரோல் மூர் முப்பத்தைந்து ஆண்டுகள் சிறுவர் பிரிவை ஆண்ட நியூயார்க் பொது நூலகத்தின் கையெழுத்துப் பிரிவில்தான் ஸ்ட்ரேட்மேயர் சிண்டிகேட்டின் ஆவணங்கள் இன்று ஆய்வாளர்களுக்காகப் பாதுகாக்கப்படுகின்றன.