வாய்ச்சொல்லிலிருந்து ஒப்பந்தம் வரை: பழகுநர் சட்டத்தின் வரலாறு

நம் நாட்டில் தொழில் கற்பது வெகுகாலம் வாய்ச்சொல்லிலேயே நடந்து வந்தது. பையனைக் கடையிலோ பட்டறையிலோ கொண்டுபோய் விடுவார்கள். "ரெண்டு வருஷம் கூடவே இருக்கட்டும், தானா கத்துக்குவான்" என்பார்கள். சோறு உண்டு, தீபாவளிக்குத் துணி உண்டு. என்ன கற்றான் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. வியாபாரத்தில் தலை நரைத்த எனக்கு, இந்த வாய்ச்சொல் எப்படிச் சட்டமாயிற்று என்று தேடிப் படிக்கும் ஆசை உண்டாயிற்று.

முதலில் வந்தது கும்பினி ஆட்சியின் 1850ஆம் ஆண்டு 19ஆம் சட்டம். அநாதைகளும் ஏழைப் பிள்ளைகளும் தொழில் கற்றுப் பிழைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 10 வயதுக்கு மேல் 18க்கு உட்பட்ட பிள்ளையை, 7 ஆண்டுக்கு மிகாமல், ஒப்பந்தம் எழுதி முதலாளியிடம் ஒப்படைக்கலாம். ஆதரவற்ற பிள்ளைக்கு மாஜிஸ்திரேட்டே காப்பாளராக நிற்கலாம். ஆக, அது தர்மக் கணக்கில் எழுதிய சட்டம்.

சுதந்திரத்துக்குப் பின் ஆலைகள் பெருகின. 1950ல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கி, ஐ.டி.ஐ.கள் எழுந்தன. வகுப்பில் படித்தவனுக்கு ஆலையின் ஓட்டமும் பழக வேண்டுமல்லவா? அதற்கு 1961ல் பழகுநர் சட்டம் வந்தது. பழைய சட்டம் நீங்கியது. உதவித்தொகை, வேலை நேரம், விடுப்பு, தேர்வு, சான்றிதழ் எல்லாம் எழுத்தில் ஏறின. 1973ல் பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரர்களையும் சேர்த்தார்கள்.

சட்டத்தை மீறிய முதலாளிக்கு 6 மாதம் வரை சிறை என்றிருந்தது. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் சிறையை எடுத்துவிட்டு அபராதத்தை மட்டும் வைத்தது. 2016ல் மத்திய அரசு உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, தானே ஏற்கும் திட்டம் கொண்டுவந்தது. அதட்டிப் பார்த்த அரசு, கை கொடுத்துப் பார்க்கத் தொடங்கியது எனலாம். 2019ஆம் ஆண்டு விதிகள், 30 பேருக்குக் குறையாத நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுக்க வேண்டும் என்றன. என்னுடையதுபோன்ற சிறு கடைகளுக்குக் கட்டாயமில்லை; 4 பேர் இருந்தாலே விருப்பப்பட்டு எடுக்கலாம்.

பெற்றோர் ஊன்றிப் படிக்க வேண்டியவை இரண்டு பிரிவுகள். 18ஆம் பிரிவின்படி பழகுநர் தொழிலாளி அல்லர், பயிற்சி பெறுபவரே. 22ஆம் பிரிவின்படி, பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தன் கொள்கையை வகுத்துக்கொள்ள வேண்டும். வேலை கொடுத்தே தீர வேண்டும் என்றில்லை. ஆனால், முடித்த பின் அங்கேயே பணிபுரிய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை இருந்தால், முதலாளி தகுந்த வேலை தரக் கடமைப்பட்டவர். பையனும் ஒப்புக்கொண்ட காலம்வரை இருந்தாக வேண்டும்.

ஊரிலென்றால் சொல்லிவிட மாமாவோ சித்தப்பாவோ இருப்பார்கள். இங்கே நம் பிள்ளைகளுக்குச் சிபாரிசு அந்தச் சான்றிதழ்தான். ஆகவே அன்பர்களே, பிள்ளை பயிற்சியில் சேரும் நாளிலேயே ஒப்பந்தம் பதிவாயிற்றா என்று கேளுங்கள். அந்த நிபந்தனை இருக்கிறதா என்று வரி வரியாகப் பார்த்துவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.